உப்புப் பார்க்காத நோன்பு

மார்ச் 20, வியாழன்

வெயில். காற்று செத்துப்போய்விட்டது. கடைத்தெரு முழுக்கச் சுக்கு வாடை, நோன்பு வயிற்றில் அது நேராகத் தலைக்கு ஏறுகிறது. ஆபீசுக்கு லீவு. வயிற்று வலி என்று மெயில் அனுப்பினேன். வலிக்கவில்லை. வலித்தால் தேவலை.

காலையில் தாடையில் மூன்று முடி. கறுப்பு, தேங்காய் நார் மாதிரி முரடு. பிடுங்கினேன். ஒன்று பாதியில் அறுந்துபோச்சு, உள்ளே நிற்கிறது. சீ.

அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சிச் சட்டி அடுப்பில். எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது, அன்றைக்கு நோன்பு இல்லாத பெண்ணின் வேலை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசலில் சொல்கிறார்கள், இங்கே யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பீரியட்ஸ் வந்தவளுக்கு நோன்பும் கிடையாது, தொழுகையும் கிடையாது. அவளைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டுவார்கள். அம்மாவுக்கும் மாமிக்கும் எல்லாம் நின்று வருஷங்கள் ஆயிற்று. மிச்சம் மதினியும் நானும். மதினி அண்ணனின் மனைவி, ஆலுவாக்காரி. அண்ணன் வளைகுடாவில், தம்மாமில். அவள் போன வாரமே உப்புப் பார்த்து முடித்துவிட்டாள்.

இன்று அடுப்படியில் ஹாஜரா மாமி, சட்டியைப் பார்த்துக்கொண்டே: "இந்தத் தடவை ரிசு ஒரு நாள்கூட உப்புப் பாக்கலையே."

அம்மா வெங்காயத்தை அவசரமாக நறுக்கினார். மதினி கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

ஹாஜரா மாமி என்னைப் பெற்ற அத்தாவின் தங்கை. மாடியில் குடியிருப்பு, கீழே உளவு. இனி ஹா.மா. முழுப் பெயரையும் எழுதக் கை கூசுகிறது.

பீரியட்ஸ் வந்து நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன்னும் ஒழுங்கில்லை. மற்ற மாதங்களில் தொழுகையை வைத்து ஏமாற்றிவிடலாம், ஆபீசில் இருக்கும் பெண்ணை யார் பார்க்கப்போகிறார்கள். நோன்பில் முடியாது. ஒன்றுகூட விடாமல் பிடித்தால் ஊரே கணக்குப் பார்க்கும்.

பெருநாள் கழிந்த சனிக்கிழமை ஒலவக்கோட்டில் இருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு வெலிங்டன் தீவில் கப்பல் கம்பெனி வேலை. வரட்டும். அதற்குள் எனக்கு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு என்ன பெயர், என்ன மருந்து. வேறு ஒன்றும் வேண்டாம்.

(தமிழில் எழுதுவதில் இது ஒரு சௌகரியம். மதினிக்கும் ஹா.மா.வுக்கும் மலையாளம் மட்டுமே படிக்க வரும். பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் நின்று படித்ததற்கு இதாவது உபயோகம்.)

மார்ச் 22, சனி

தோப்பும்படியில் லேடி டாக்டர். அம்மாவும் வந்தார். ஆட்டோ ஏறும்போது: "அத்தாட்ட சொல்லாத. கேட்டா பல் டாக்டர்னு சொல்லு." பர்தாவுக்கு மேல் மாஸ்க் வேறு, அவருக்கும் எனக்கும். நகைக்கடை கொள்ளையடிக்கப் போவது மாதிரி.

வெளியே பெஞ்சில் வரிசையாக வயிறுகள். நடுவில் நான். ஒரு பாட்டிலில் யாரோ மூத்திரத்தை வைத்துவிட்டு மறந்துபோயிருந்தார்கள், என் கால் பக்கத்தில். மூடி சரியாகப் போடவில்லை.

உள்ளே நான் வாய் திறக்கும் முன் அம்மா. "கொஞ்சம் லேட்டாவுது டாக்டர், ஆபீஸ் டென்ஷன்." டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார். "தடி குறைக்கணும். கல்யாணம் கழிஞ்ஞா எல்லாம் ஷெரியாவும்."

"என்ன சரியாகும்?" என்று கேட்டேன்.

"எல்லாம்."

"இப்போ என்ன கோளாறுன்னு சொல்லுங்க, டாக்டர். ஸ்கேன் எடுக்கணுமா? பிசிஓஎஸ்ஸா?"

"கூகிள் நோக்கியல்லே?" என்று சிரித்தார். விட்டமின் எழுதினார். அம்மாவும் கூடச் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பும்போது அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ஒன்னுமில்லைனு சொல்லிட்டாங்க." ஒன்றுமில்லை என்று அவள் எங்கே சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் கடலை மாவு, எலுமிச்சை. கழுத்து கறுப்பாக இருக்கிறது என்று அம்மா பின்னால் நின்று தேய்த்தார். அழுக்கு இல்லை அம்மா, தோலே அப்படித்தான் ஆகியிருக்கிறது என்றால் கேட்டால்தானே. எரிகிறது.

மார்ச் 24, திங்கள்

தனியாகப் போனேன். வைட்டிலாவில் பஸ் மாறுகிற இடத்தில் இறங்கி, பக்கத்து ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயது, கண்ணாடி, தூக்கம் போதாத முகம். முதல் கேள்வியே கடைசியாக வந்தது எப்போது என்பதுதான். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். யாரோ ஒருத்தர் எழுதிக்கொண்டார்!

அடுத்து: "யூரின்ல பிரெக்னென்சி டெஸ்ட் செய்யணும். எல்லார்க்கும் செய்யறதாணு. கல்யாணம் கழிஞ்ஞவர்க்கும் இல்லாத்தவர்க்கும்."

முகம் சுட்டது. ஆனாலும் ஒரு நிம்மதி. வீட்டில் எல்லாரும் மனசுக்குள் கேட்டதை இவர் ஒருவர்தான் என் முகத்துக்கு நேரே கேட்டார்.

கக்கூஸ் வாசலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் கோப்பை, பல்லில் ஷால். கருமம். நெகட்டிவ். அதை நான் அவருக்கே சொல்லியிருப்பேன்.

தாடை முடி, கழுத்துக் கறுப்பு, முகப்பரு, எல்லாம் கேட்டார். ரத்தத்தில் தைராய்டு, சர்க்கரை, இன்னும் நாலைந்து ஹார்மோன். பிறகு ஸ்கேன். பிசிஓஎஸ் ஆக இருக்கலாம், ஆனால் வேறு காரணங்களைத் தள்ளிவிட்டுத்தான் அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்றார். சரி. காத்திருக்கலாம்.

ஸ்கேன் வயிற்றின் மேலே வைத்து எடுப்பது. மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீராவது குடித்துவிட்டு வரணும்.

"நோன்பாச்சே டாக்டர். சாயங்காலம் எடுக்கலாமா?"

ஸ்கேன் ரூம் அஞ்சு மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். பெருநாள் கழிந்து எடுத்தாலும் அவசரமில்லை என்றார். அவருக்கு அவசரமில்லை. எனக்கு ஒலவக்கோட்டு அவசரம்.

வீட்டில் அம்மாவிடம் நெகட்டிவ் சீட்டைக் காட்டினேன். "சீ, இதெல்லாம் என்கிட்ட ஏன் காட்டுற? நான் சந்தேகப்பட்டனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தராவீஹ் தொழுகை முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு ரகஅத் தொழுதார். ஷுக்ரானாவாம், நன்றித் தொழுகை. எதற்கு என்று கேட்டேன். உனக்கென்ன என்றார்.

சந்தேகமே படவில்லையாம்.

மார்ச் 26, புதன்

செய்துவிட்டேன். ஸ்கேன் சென்டர் வராந்தாவில், பட்டப்பகலில், நோன்பு மாதத்தில், பாட்டிலைத் திறந்து குடித்தேன். நோயாளி நோன்பை விடலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம். தெரியும். தெரிந்தும் முதல் மடக்கை வாயிலேயே வைத்திருந்தேன். எதிரே தலையில் மஃப்தா கட்டிய ரிசப்ஷன் பெண், என் ஷாலைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

தண்ணீர், மறுபடி தண்ணீர். அடக்கிக்கொண்டு நடந்தேன். உள்ளே பச்சைத் திரை, முந்தைய ஆளின் பிசின் ஒட்டிய பேப்பர் விரிப்பு, மாற்றச் சொன்னதற்கு நர்ஸுக்குக் கோபம். குளிர்ந்த பிசின். வயிற்றின் மேல் அந்தக் கருவியை அழுத்து அழுத்து என்று அழுத்தினாள். "கல்யாணம் கழிஞ்ஞதாணோ?" இல்லை. "ம்ம்." அந்த ம்ம்-ஐ அப்படியே எடுத்து அவள் வாயில் திணிக்கலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். ஸ்கேன் எடுத்தேன், நோன்பு போச்சு என்று. திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா என்னையே பார்த்தார். முகம் மெல்ல வெளுப்பதற்குப் பதில் தெளிந்தது.

"நோன்பு இல்லையா இன்னிக்கு?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு."

ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். குரல் மாடிவரை கேட்டது: "ஹாஜரா, ரிசுவுக்குத் தொழுகை இல்லை. அவ உப்புப் பாப்பா."

தொழுகை இல்லை என்றால் இங்கே ஒரே அர்த்தம்.

ஹா.மா. படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "அல்ஹம்துலில்லா!" என்றாள், என் வயிற்றைப் பார்த்து. மதினி என் கையைப் பிடித்து அழுத்தினாள்: "ஞான் பேடிச்சு போயி, ரிசூ." பயந்துபோனாளாம். பாவம், அவளும்.

கரண்டி என் வாய்க்கு நேரே. பார்த்தேன். உப்பு போதும் என்றேன்.

அறையில் அம்மாவைப் பிடித்தேன். ஏன் பொய் சொன்னீங்க? "நான் என்ன பொய் சொன்னேன்? தொழுகை இல்லைன்னேன். நீ ஒரு வாரம் தொழாத. உள்ள உக்காந்து சாப்பிடு. அவ்வளவுதான். ஒலவக்கோட்டு ஆளுங்க இங்கதான் விசாரிப்பாங்க, ஹாஜராகிட்டதான் கேப்பாங்க."

தொழாவிட்டால் கால் முறித்துவிடுவேன் என்று என்னை வளர்த்தவர்.

கடைசியில் இன்னொன்று சொன்னார், குரலைத் தாழ்த்தி. "பேடு ஒன்னு பிரிச்சு, கசக்கி, பேப்பர்ல சுத்தி குப்பை வாளில போடு. அவ பாப்பா."

வாந்தி வந்தது. நிஜமாகவே. குடித்த தண்ணீர்தான் வந்தது.

மார்ச் 27, வியாழன்

பேடு போடவில்லை. அம்மாவே போட்டிருக்கிறார். வாளியில் பார்த்தேன். நான் வாங்கும் பிராண்டுகூட இல்லை.

ஹா.மா.வும் பார்த்தாள் போல. மத்தியானம் ஒரே பாசம். மூடிய தட்டில் சோறு, மீன் வறுவல். "நல்லா சாப்பிடு, ரத்தம் போற நேரம்." கதவைச் சாத்திக்கொண்டேன். சோறு முழுக்கப் பின்பக்கம் பூனைக்கு. நான் நோன்பு. விட்டது நேற்று ஒன்றுதான், இன்னொன்றை யாருக்காகவும் விடமாட்டேன்.

சாயங்காலம் கரண்டி. வாயில் வைத்தால் என் நோன்பு என்னாகுமோ என்று ஒரு பயம். துப்பலாம் என்று தெரியும், ஆனால் ஹா.மா. எதிரில் நின்று துப்பினால் குட்டு உடையும். திரும்பி நின்று உதட்டைச் சப்பி, "சரியா இருக்கு" என்றேன்.

நோன்பு திறந்தபோது முதல் வாயிலேயே அத்தா நிமிர்ந்தார். "இதுல உப்பே இல்லையே. யாரு பாத்தது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நாக்கு செத்துக் கிடக்கு" என்றேன். அம்மா சட்டென்று உப்புக் கிண்ணத்தைச் சுற்றுக்கு விட்டார். ஹா.மா. கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை, கலக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்து பேரீச்சங்கொட்டையை விழுங்கிவிட்டேன்.

இன்று நோன்பின் இருபத்தேழாம் இரவு, வருஷத்திலேயே பெரிய இரவு. எல்லாரும் குளித்து, அத்தர் பூசி, மேல் மாடிக்கு. பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். ஓதுகிற சத்தம் கீழே வந்தது. எனக்குச் சமோசா மடிக்கிற வேலை. வருஷம் பூராவும் நான் ஒன்றும் பெரிய தொழுகைக்காரி இல்லை, விடியற்காலை பஜர் விட்டுப்போகிற ஆள்தான். ஆனால் இந்த இரவை நான் விட்டதில்லை. அழுகை வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கையெல்லாம் மாவு.

கதவைத் தாழிட்டு, விளக்கைப் போடாமல் தொழுதேன். திருட்டுத் தொழுகை. ஊரில் யாருக்காவது இப்படி ஒரு கேடு உண்டா?

மார்ச் 28, வெள்ளி

ஸ்கேன் ரிசல்ட்டோடு டாக்டரிடம். ஓவரி இரண்டும் கொஞ்சம் பெருத்திருக்கிறது. ஓரத்தில் சின்னச் சின்னதாக நிறைய. கட்டி இல்லை என்று இரண்டு முறை சொன்னார். முட்டைப்பைகள், வளர வேண்டியவை வளராமல் பாதியில் நிற்கின்றன. படத்தைக் காட்டினார். கறுப்பில் கறுப்பு. மாதுளையைப் பாதியாக வெட்டியது மாதிரி.

மாதம் தவறுவது, தாடை முடி, இந்தப் படம். மூன்றும் பொருந்துகிறது, ரத்த ரிசல்ட் வந்ததும் உறுதியாகச் சொல்கிறேன் என்றார். கல்யாணம் ஆனால் போய்விடுமா என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு பறஞ்ஞது?" பிறகு சொன்னார்: போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். பலருக்கும் குழந்தையும் பிறக்கிறது. வராமலே விட்டுவிடுவதுதான் ஆபத்து, கர்ப்பப்பைக்கு நல்லதில்லை. பத்து நாள் மாத்திரை, முடிந்த பிறகு வரும். நோன்பு திறந்ததும் போடலாம்.

பஸ்ஸில் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்தேன். ஒழுங்காக ஒருத்தர் பேசினால் எவ்வளவு இலேசாகிறது. தேவாரா பாலத்தில் காற்று. கொஞ்ச நேரம் எதன் மேலும் அருவருப்பு இல்லாமல் இருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். கேட்டது ஒரே கேள்வி: "சனிக்கிழமைக்குள்ள வந்துருமா?"

மார்ச் 31, திங்கள். பெருநாள்.

பிரியாணி, புழுக்கம், வந்த ஆளெல்லாம் "தடிச்சுட்டியே." எடுத்து வைத்த பலகாரத்தை நீட்டிக்கொண்டே சொல்கிறார்கள்.

ஹா.மா. கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னாள். விடவில்லை. ஒரு கை முதுகில். இன்னொரு கை நடுவில் புகுந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தது, மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. உப்பில்லாத கஞ்சியை அவள் மறக்கவில்லை. கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். "என்ன தேடுறீங்க மாமி?" என்றேன். பல்லைக் காட்டினாள்.

சோப்புப் போட்டு வயிற்றைக் கழுவினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஆபீஸ். ஏ.சி. கெட்டுவிட்டது. ஹெட்செட்டில் யாரோ ஒருத்தன் முக்கால் மணி நேரம் பாஸ்வேர்டு மறந்ததற்கு என்னைத் திட்டினான்.

ரத்த ரிசல்ட்: தைராய்டு சரி. சர்க்கரை எல்லைக்கோட்டில். ஒரு ஹார்மோன் கூடுதல். டாக்டர் போனில்: "பிசிஓஎஸ் தன்னே." அதுதான். நான் தாங்க்ஸ் சொன்னேன். நோய் இருக்கிறது என்று சொன்னதற்குத் தாங்க்ஸ் சொன்ன பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். ஆனால் நாலு மாதமாக நான் சோம்பேறி, தீனிப்பண்டாரம், அழுக்குக் கழுத்து, ஒருவேளை கெட்டுப்போனவள். இப்போது எனக்கு ஒரு நோய் மட்டும்தான்.

அம்மா: "சனிக்கிழமை முடியட்டும். வாயத் தொறக்காத. சத்தியம் பண்ணு." பண்ணவில்லை.

ஏப்ரல் 5, சனி

காலையிலிருந்து மேகம், மழை இல்லை. ராமா கலர் சுடிதார். தாடையை இரண்டு முறை பார்த்தேன்.

ஒலவக்கோட்டிலிருந்து ஆறு பேர். ஆண்கள் முன்ஹாலில் அத்தாவோடு, மிளகு விலை. பெண்கள் உள் அறையில். மாப்பிள்ளையின் அம்மா நல்ல களை. என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேலை பற்றி, பஸ் பற்றிக் கேட்டார். பிடித்துப்போகும் போலிருந்தது எனக்கு. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா, சாயாவை ஆற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக: "பெருநாளுக்கு அப்புறம் புடிக்கிற ஆறு நோன்பு புடிக்கிறியாம்மா இப்ப? களா எத்தனை பாக்கி இருக்கு உனக்கு?"

விட்ட நோன்பு எத்தனை. அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கப்பை வைத்தார்கள்.

அம்மா முந்திக்கொண்டார். "ஒரு அஞ்சு இருக்கும். எல்லாம் மாசாமாசம் டாண்ணு வந்துரும் இவளுக்கு." ஹா.மா. தலையை ஆட்டினாள். ஆட்டும்போது கண் என் மேலேயே.

மாப்பிள்ளையின் அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார். பரீட்சையில் பாஸ். அந்தத் தட்டல்தான். அதுவரை நான் பேசாமல் இருந்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஒன்னு" என்றேன்.

"என்னது?"

"களா ஒன்னுதான் பாக்கி. அதுவும் ஸ்கேன் எடுக்கத் தண்ணி குடிச்சதால."

அந்த அம்மாவின் பார்வை மெல்ல இறங்கி என் வயிற்றில் நின்றது. மடியில் இருந்த என் கையை விட்டுவிட்டார். நான் வயிற்றை எக்கவில்லை.

"அது இல்லை மாமி. அதையும் டெஸ்ட் பண்ணியாச்சு. எனக்கு பிசிஓஎஸ். பீரியட்ஸ் ஒழுங்கா வராது. மருந்து சாப்பிடுறேன். உங்களுக்குத் தெரியாம வந்துட்டு நாளைக்கு நீங்க என்னை வாளியில தேடக் கூடாது, அதான் சொல்றேன்."

"ரிசு!" அம்மாவின் குரல் உடைந்தது. கொஞ்சம் சத்தமாகவே உடைந்தது, ஏனென்றால் முன்ஹாலில் மிளகு விலை நின்றுவிட்டது.

அத்தா அங்கிருந்து: "என்ன அங்க? என்ன ஆச்சு?"

"ஒன்னுமில்லைங்க" என்றார் அம்மா. "ஒன்னுமில்லைண்ணே" என்றாள் ஹா.மா. அத்தாவிடம் மட்டும் எப்படி ஒரே குரலாகிவிடுகிறார்கள்.

எழுந்து போனேன். திரையை விலக்கினேன். சோபாவில் அத்தா, மாப்பிள்ளையின் அப்பா, மாமா ஒருவர், ஓரத்தில் மாப்பிள்ளை. நல்ல உயரம். சட்டையில் இஸ்திரி மடிப்பு.

"எனக்கு நாலு மாசமா பீரியட்ஸ் இல்லை அத்தா. ஓவரியில கோளாறு. டாக்டர்ட்ட காமிச்சு மருந்து எடுக்கிறேன். பல் டாக்டர் இல்லை."

மாமா சீலிங் ஃபேனைப் பார்த்தார். மாப்பிள்ளை செல்போனைக் கவிழ்த்து வைத்தான். அத்தாவின் காது சிவந்துபோச்சு. என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து:

"இதெல்லாம் உள்ள போய்ப் பேசு."

"நாலு மாசமா உள்ளதான் பேசிட்டிருக்கோம், அத்தா" என்றேன்.

ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.